பண்ணைக்கு ஒரு பட்டறை

ஜூன் மாதம் முதல் மழை விழுந்த மூன்றாம் நாள், புனே ரவிவார் பேட்டையில் என் இரும்புச் சாமான் கடைக்கு வருகிற கூட்டமே வேறு. ஷிரூர், ஜுன்னர், பாராமதிப் பக்கத்து விவசாயிகள் மோட்டார் சைக்கிளில் அறுபது, நூறு கிலோமீட்டர் வந்து, கிரீஸ் படிந்த உடைந்த போல்ட் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார்கள். மண் விதைப்புக்குப் பக்குவமாக இருக்கும் நிலையை மராத்தியில் 'வாப்சா' என்பார்கள். நம்ம ஊரில் 'பதம்'. கரிசலில் அது சில நாள்தான் நிற்கும். அந்த நாளில் ஒரு போல்ட்டுக்காக ஒரு பகல் போனால், போனது போல்ட்டின் விலை மட்டுமா?

என் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். சிறுபிள்ளையில் நான் பார்த்த கலப்பை மரக்கலப்பை. தச்சர் வாய்ச்சியால் செதுக்கிக் கொடுப்பார். கொழு தேய்ந்தால் கொல்லுப்பட்டறையில் துருத்தி ஊதிக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்துத் தருவார்கள். கூலி அறுவடையில், களத்துமேட்டிலேயே நெல்லாக. பட்டறை ஊருக்குப் பொது. இங்கே மகாராஷ்டிரத்திலும் லோஹார், சுதார் என்று அதே ஏற்பாடு, 'பலுதே' என்ற பெயரில். லக்ஷ்மண்ராவ் கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பை செய்து, 1910-இல் இன்றைய சாங்லி மாவட்டத்துக் கிர்லோஸ்கர்வாடியில் தொழிற்சாலை அமைத்தார். உழவுக் கருவிக்குள் நட்டும் போல்ட்டும் நுழைந்தன. நட்டு நுழைந்த இடத்தில் ஸ்பேனர் வேண்டும். பிறகு டிராக்டர், ரோட்டவேட்டர். கொல்லர் பிள்ளைகளோ வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஊருக்கு ஒன்றாக இருந்த பட்டறை பண்ணைக்கு ஒன்றாக வேண்டியிருக்கிறது.

ஊரில் நிலம் வைத்து, தம்பியோ மைத்துனரோ பார்த்துக்கொள்ளும் நம் சங்கத்து அன்பர்கள் பலர் என்னிடம் கேட்பது, "என்ன மெஷின் வாங்கலாம்?" என்றுதான். என் கணக்கைச் சொல்கிறேன். கையில் நூறு ரூபாய் இருந்தால் அறுபதைத் தரைக்கும் கூரைக்கும் போடுங்கள். இருபதை மேடை, வைஸ், மின் பாதுகாப்பு. மிச்சம் இருபதில்தான் கருவி. "கடைக்காரர் சொல்கிற கணக்காப்பா இது?" என்று என் மகனே கேட்கிறான்.

கொட்டகை 16 அடி அகலம், 24 அடி நீளம் போதும். சாதாரண டிராக்டர் ஒன்று பின்னால் கருவியோடு நேராக உள்ளே வரும். ஒரு பக்கம் ஆள் நின்று வேலை பார்க்கலாம். வாசல் 12 அடிக்குக் குறையக் கூடாது. புனேப் பக்கம் மழைக்காற்று தென்மேற்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கத்தை மூடி, வாசலைக் கிழக்கிலோ வடக்கிலோ வைப்பது நல்லது. கூரைத் தகட்டில் இரண்டை வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடாகப் போட்டால் பகலில் விளக்கு வேண்டாம்.

தரைதான் முக்கியம். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன்மேல் நேரே கான்கிரீட் போட்டவர்கள் இரண்டே கோடையில் தரை பாளம் பாளமாகப் பிளந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றரை, இரண்டு அடி கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, முரூம் மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட வேண்டும். அதன்மேல் 4 அங்குலக் கான்கிரீட், வாசலை நோக்கி லேசான சரிவு. மேலே சொன்ன அளவுக்குச் சுமார் 30 மூட்டை சிமெண்ட் ஆகும். அவ்வளவு பணம் இல்லையா? வேலை செய்யும் பாதிக்கு மட்டும் கான்கிரீட், மறுபாதி முரூமாகவே கிடக்கட்டும். ஜாக்கி வைக்கும் இடம் மண்ணாக இருக்கவே கூடாது. ஜாக்கி சாய்ந்து ஆள்மேல் டிராக்டர் இறங்கிய கதைகளைக் கேட்டிருக்கிறேன். இங்கே எழுத மனம் வரவில்லை.

மேடைக்குப் புதுச் சாமான் வேண்டியதில்லை. பழைய ஆங்கிள், இரண்டங்குலப் பலகை. கால்களைத் தரையில் சிமெண்டோடு புதைத்துவிட வேண்டும். அதில் 6 அங்குல வைஸ். வைஸின் வாய் உங்கள் முழங்கை உயரத்தில் இருந்தால் அரம் போடும்போது தோள் வலிக்காது. அசையாத தாடை மேடை விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கட்டும். அப்போதுதான் நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். விலை மலிந்த வார்ப்பிரும்பு வைஸ் சம்மட்டி அடியில் விண்டுபோகும். அதைவிடப் பழைய கனமான வைஸ் மேல். 1990-களில் நம் ஜூனா பஜாரில் காயலான் கடை எடைக்கு எத்தனையோ பேருக்குப் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது, நான் ஏன் இந்த வைஸைப் பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

2009-இல் ஷிரூர்ப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர், நாலங்குல கிரைண்டரும் மரம் அறுக்கும் பல் பிளேடும் கேட்டார். கொடுத்தேன், பில் போட்டேன். அந்தப் பிளேடு அடித்தட்டு வைத்த அறுவை மெஷினுக்கானது. நடுத்துளை பெரிது, புஷ் போட்டுத்தான் கிரைண்டரில் நிற்கும். கார்டு இடிக்கும், அதனால் கார்டைக் கழற்றிவிடுவார்கள். கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று. பிளேடின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அவரிடம் வைஸ் இல்லை. கட்டையைக் காலால் மிதித்து, இடதுகையால் பிடித்துக்கொண்டு வலதுகையால் அறுத்திருக்கிறார். பிளேடு கடித்துத் துள்ளியது. இடதுகையில் இரண்டு விரல் போயிற்று.

எங்கள் சமண நூல்களில் இல்லறத்தார் விலக்க வேண்டிய அநர்த்த தண்டம் ஐந்து. சமந்தபத்திரரின் ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் விவரமாக இருக்கிறது. அந்த வழியில் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. ஐந்தில் ஒன்று ஹிம்சாதானம். கோடரி, வாள், மண்வெட்டி, நெருப்பு, சங்கிலி போல வதைக்குக் காரணமாகும் பொருளைப் பிறருக்குக் கொடுப்பது. என் கடையே அந்தப் பட்டியல்தானே! 'அநர்த்தம்' என்றால் பயனில்லாதது, நான் கொடுப்பதோ உழவுக்கு, ஆகவே எனக்குப் பொருந்தாது என்று பல வருஷம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்காமலே கொடுத்தவனுக்கு அந்தச் சமாதானம் எப்படி நிற்கும்? அன்றிலிருந்து கிரைண்டர் கேட்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கிறேன். எதை அறுக்கப் போகிறீர்கள்? அதை எதில் பிடிப்பீர்கள்? சிலர் கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

மின்சாரம். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். எர்த் குழாய் இரண்டரை மீட்டராவது மண்ணுக்குள் போக வேண்டும். கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது. மோட்டாருக்குக் கொடுத்த விவசாய இணைப்பிலிருந்தே பட்டறைக்குக் கொக்கி போடுகிறவர்கள் உண்டு. அது சட்டத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது.

கருவியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், கடைக்குக் கடை கிடைப்பதுதான். 10 முதல் 32 மி.மீ. வரை ரிங் ஸ்பேனர், ஒரு சாக்கெட் செட், இரண்டு சுத்தி, உளி, அரம், ஆக்ஸா பிளேடு, பைப் ரெஞ்ச், கிரீஸ் கன், 13 மி.மீ. டிரில். பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயிண்டில் வரைந்து மாட்டினால் மாலையில் எது திரும்பி வரவில்லை என்று தெரியும். போல்ட் டப்பாக்கள் தனித்தனி. தலையில் 8.8 என்று குத்தியிருப்பது உறுதியானது. கருவியின் பிளேடுக்கு அது. ஆனால் கல்லில் மோதினால் முதலில் தான் உடைந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த போல்ட் ஒன்று சில கருவிகளில் உண்டு. அது அடிக்கடி உடைகிறதே என்று அங்கே கெட்டியான போல்ட்டை மாட்டினால் அடுத்தது கியர் பாக்ஸ்தான்.

வெல்டிங் கடைசியில். 200 ஆம்பியர் இன்வர்ட்டர் மெஷின் ஒரு கையில் தூக்கலாம், 3.15 மி.மீ. ராடுக்குத் தாராளம். டிராக்டரில் பற்றவைக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுக்கும். டீசல் இருந்த காலி டிரம்மை ஒருபோதும் பற்றவைக்கக் கூடாது. காலிதானே என்று நினைப்போம். உள்ளே நிற்பது ஆவி.

அந்த ஷிரூர்க்காரர் மறு வருஷம் கடைக்கு வந்தார். என்மேல் ஒரு சொல் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வைஸ் கேட்டார். காசு வாங்க மாட்டேன் என்றேன், பிடிவாதமாகக் கொடுத்தார். பிறகு ஒருநாள் அவர் பட்டறைக்குப் போயிருந்தேன். மேடையில் ஒன்றல்ல, இரண்டு வைஸ். இடதுகை பிடிக்க வேண்டியதை எல்லாம் ஒன்று பிடித்துக்கொள்கிறது. கிரைண்டர் சுவரில் தொங்கியது, கார்டு மாட்டியபடி.