ஒரே வசனம், வேறு வேறு பாவிகள்: தன்பாலின உறவு பற்றி பைபிள் சொல்வது என்ன?

தமிழ்ப் புராட்டஸ்டன்ட் வீடுகளில் தலைமுறைகளாகப் புழங்கும் பழைய மொழிபெயர்ப்பு பைபிளை எடுத்து, கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபம், 6-ஆம் அதிகாரம், 9-ஆம் வசனத்தைப் புரட்டிப் பாருங்கள். தேவனுடைய ராஜ்யத்தில் பங்கு கிடைக்காதவர்களின் பட்டியல் அங்கே வரும். அதில் 'சுயபுணர்ச்சிக்காரர்', 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்று அடுத்தடுத்து இரண்டு பேர் நிற்கிறார்கள்.

1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் அந்த முதல் ஆள் பெண்தன்மை கொண்ட ஆண். 1989-இல் வந்த என்.ஆர்.எஸ்.வி. பதிப்பில் அவரே பணத்துக்காக உடலை விற்கும் ஆண். 1946-இல் வந்த ஆர்.எஸ்.வி. புதிய ஏற்பாட்டிலோ இரண்டு பேரையும் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

பவுல் கிரேக்கத்தில் எழுதியது இரண்டே சொற்கள்: 'மலக்கோய்', 'அர்செனோகோய்தாய்'. அவற்றுக்கு என்ன பொருள் என்பதில் தொடங்கும் வாதம்தான் இன்று உலகின் பெரிய திருச்சபைகள் சிலவற்றை இரண்டாகப் பிளந்திருக்கிறது.

மென்மையும் படுக்கையும்

'மலக்கோஸ்' என்றால் மென்மையானது. யோவான்ஸ்நானனைப் பற்றி இயேசு பேசும் இடத்தில் (மத்தேயு 11:8) வரும் மெல்லிய ஆடைக்கும் மூலத்தில் இதே சொல்தான். ஆணைக் குறித்துச் சொன்னால், சொகுசுக்காரன், மனவுறுதி இல்லாதவன், உறவில் பெண்ணின் இடத்தில் இருப்பவன் என்று பல பொருள்கள் கிரேக்க எழுத்துகளில் உண்டு. லத்தீன் மொழி பேசிய இடைக்கால இறையியலில் 'மென்மை' என்ற சொல் சுயஇன்பத்தைக் குறித்தது; 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் அந்தப் பொருளில்தான் அதைப் பாவப் பட்டியலில் சேர்த்தார். தமிழ் பைபிளின் 'சுயபுணர்ச்சிக்காரர்' அந்தப் பழைய மரபோடு ஒத்துப்போகிறது.

'அர்செனோகோய்தாய்' இன்னும் சிக்கலானது. 'ஆண்', 'படுக்கை' என்ற இரண்டு சொற்களின் கூட்டு அது. பவுலுக்கு முன் யாரும் அதைப் பயன்படுத்தியதற்குச் சான்று கிடைக்கவில்லை. லேவியராகமம் 20:13-இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்த இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன; அங்கிருந்துதான் பவுல் எடுத்துக் கோத்திருக்கிறார் என்று டேவிட் ரைட் என்ற அறிஞர் 1984-இல் வாதிட்டார். அப்படியானால் ஆணோடு படுக்கும் ஆண் என்ற நேர்ப்பொருளே சரி. தமிழின் 'ஆண்புணர்ச்சிக்காரர்' இதற்கு மிக அருகில் நிற்கிறது.

யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டேல் மார்ட்டின் இதை ஏற்கவில்லை. கூட்டுச்சொல்லைப் பிரித்துப் பார்த்துப் பொருள் சொல்ல முடியாது, அது எந்தக் குற்றங்களோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். 1 தீமோத்தேயு 1:10-இல் இந்தச் சொல்லுக்கு அடுத்து நிற்பவர்கள் மனிதர்களைத் திருடி விற்பவர்கள். எனவே பாலுறவை வைத்து ஒருவரைச் சுரண்டுவதையே இது குறித்திருக்கலாம் என்பது மார்ட்டினின் வாதம்.

ஒரு மாணவர் எழுதிய கடிதம்

'ஹோமோசெக்சுவல்' என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. எழுத்தாளர் கார்ல் மரியா கெர்ட்பெனி உருவாக்கி, 1869-இல் ஜெர்மன் மொழியில் அச்சேற்றியது. செய்யும் செயலைக் குறிக்காமல், ஒருவரின் இயல்பையே குறிக்கும் சொல் அது. அதை 1946-இல் பவுலின் வாயில் போட்டதைக் கேள்வி கேட்டு, 1959-இல் ஓர் இளம் இறையியல் மாணவர் ஆர்.எஸ்.வி. மொழிபெயர்ப்புக் குழுத் தலைவர் லூதர் வைகிளுக்குக் கடிதம் எழுதினார். வைகிள் அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டார். 1971-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அந்தச் சொல் நீங்கியது.

அந்த ஒரு சொல்லால்தான் கிறிஸ்தவ உலகம் தன்பாலின உறவை எதிர்க்கத் தொடங்கியது என்று சிலர் சொல்வதுண்டு. அது பொருந்தாது. நான்காம் நூற்றாண்டின் ஜான் கிறிசோஸ்தம், ரோமர் நிருபத்துக்கு எழுதிய பிரசங்கத்திலேயே அதைக் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்.

வாதத்துக்குள்ளாகும் மற்ற இடங்கள்

பைபிள் முழுவதிலும் இது பற்றி நேரடியாகப் பேசுவதாகச் சொல்லப்படும் இடங்கள் ஆறேழுதான்.

முதலாவது, ஆதியாகமம் 19-இல் வரும் சோதோம். லோத்துவின் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை வெளியே அனுப்பச் சொல்லி ஊரே கதவை இடிக்கிறது. அது கூட்டு வன்புணர்வு முயற்சி என்பதை, தன்பாலின உறவை ஏற்கும் தரப்பும் எதிர்க்கும் மரபுத் தரப்பும் இன்று பெரும்பாலும் ஒப்புக்கொள்கின்றன. எசேக்கியேல் 16:49 சோதோமின் அக்கிரமமாகச் சொல்வது கர்வத்தையும், வயிறார உண்டுவிட்டு ஏழைக்குக் கைகொடுக்காததையும். ஆங்கிலிகன் குருவான டெரிக் ஷெர்வின் பெய்லி 1955-இல் எழுதிய நூல் இந்த மறுவாசிப்பைத் தொடங்கிவைத்தது. மரபுத் தரப்போ அடுத்த வசனத்தில் வரும் 'அருவருப்பு' என்ற சொல்லையும், யூதா நிருபம் 7-ஆம் வசனத்தையும் எடுத்துக்காட்டுகிறது.

அந்த 'அருவருப்பு' லேவியராகமம் 18:22-லும் உண்டு. எபிரேயத்தில் 'தோஏவா'. உண்ணக்கூடாத இறைச்சிக்கும் கள்ளத்தராசுக்கும்கூட பைபிள் இதே சொல்லைத்தான் சொல்கிறது. பன்றி இறைச்சி விதியை விட்டுவிட்ட கிறிஸ்தவர்கள் இதை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு தரப்பின் கேள்வி. உணவு விதியைப் புதிய ஏற்பாடு தளர்த்தியது, பாலுறவு விதியைத் தளர்த்தவில்லை என்பது மறுதரப்பின் பதில்.

வாதம் சூடுபிடிப்பது ரோமர் 1:26, 27-இல். ஆண்களோடு பெண்களையும் பவுல் குறிப்பிடும் இடம் இது. இயற்கைக்கு மாறானது என்ற கருத்தும் இங்கேதான் வருகிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்து, 2018-இல் உச்ச நீதிமன்றம் தளர்த்தும்வரை நம்மை ஆண்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவின் சொல்லாட்சியிலும் இதன் எதிரொலி கேட்டது.

பவுல் வாழ்ந்த ரோமானிய உலகில் எஜமான் அடிமையையும், வயது வந்தவன் சிறுவனையும் பயன்படுத்துவது சாதாரணம். அதையே அவர் கண்டித்தார், சமமான இருவரின் வாழ்நாள் உறவு அவர் கண்ணில் படவில்லை என்கிறார்கள் ஒரு சாரார். வரலாற்றாளர் ஜான் பாஸ்வெல், எதிர்பால் ஈர்ப்பு கொண்டவர்கள் தம் இயல்பை மீறுவதையே பவுல் சொன்னார் என்று 1980-இல் எழுதினார். அடிமையோ சிறுவனோதான் குறி என்றால் பெண்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று திருப்பிக் கேட்கிறார் அறிஞர் ராபர்ட் காக்னன். 2001-இல் அவர் எழுதிய நூல் மரபுத் தரப்பின் முக்கிய ஆயுதம்.

மரபுத் தரப்பின் அடித்தளம் இந்த வசனங்கள் மட்டும் அல்ல. ஆணும் பெண்ணுமாகப் படைத்தார், இருவரும் ஒரே மாம்சம் ஆவார்கள் என்ற ஆதியாகமக் கருத்தை மத்தேயு 19-இல் இயேசுவே எடுத்துப் பேசுகிறார். திருமணம் என்றால் அதுதான் என்பது அவர்களின் வாதம். ஏற்கும் தரப்பு அதே அதிகாரத்தில் சற்றுக் கீழே விரல் வைக்கிறது. அண்ணகர்களை (ஆண்மை இழந்தவர்களை) பற்றி இயேசு பேசும் இடம் அது. நியாயப்பிரமாணம் வெளியே நிறுத்திய அண்ணகர்களை ஏசாயா 56 உள்ளே அழைக்கிறது; அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய அண்ணகருக்கு ஞானஸ்நானமே கிடைக்கிறது.

சபைகள் எங்கே நிற்கின்றன?

கத்தோலிக்க மறைக்கல்வி நூல் ஈர்ப்பையும் செயலையும் பிரித்துப் பேசுகிறது. செயலை ஏற்கவில்லை, ஆனால் அந்த ஈர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடு ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாடு கூடாது என்கிறது. 2023 டிசம்பரில் போப் பிரான்சிஸின் ஒப்புதலோடு வந்த ஆவணம், திருமணச் சடங்கின் சாயல் இல்லாமல் தன்பாலினத் தம்பதியரை ஆசீர்வதிக்கக் குருக்களுக்கு அனுமதி தந்தது. ஆப்பிரிக்க ஆயர்கள் பலர் அதை ஏற்க மறுத்தனர்.

தென்னிந்தியத் திருச்சபையும் அங்கம் வகிக்கும் ஆங்கிலிகன் ஐக்கியத்தில், 1998 லாம்பெத் மாநாட்டில் ஆயர்கள் 526-க்கு 70 என்ற வாக்குகளில் தன்பாலின உறவு வேதத்துக்கு ஒவ்வாதது என்று தீர்மானித்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மறைமாவட்டம், தன்பாலினத் துணையோடு வாழ்ந்த ஜீன் ராபின்சனை ஆயராகத் தேர்ந்தெடுத்தது. அன்று விழுந்த விரிசல் இன்றும் மூடவில்லை. அமெரிக்காவின் யுனைடெட் மெத்தடிஸ்ட் சபை 1972-இல் எழுதிவைத்த கண்டன வாக்கியத்தை 2024-இல் நீக்கியது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் 7,600-க்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சபைகள் அதைவிட்டு வெளியேறியிருந்தன. ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பெரும்பாலான பெந்தெகொஸ்தே சபைகளும் பழைய நிலையிலேயே இருக்கின்றன.

சொற்பொருளோடு முடியாத வாதம்

அகராதி தெளிவானால் சண்டை ஓயுமா? ஓயாது என்பதற்கு ரிச்சர்ட் ஹேஸ் சாட்சி. டியூக் பல்கலைக்கழகத்தின் புதிய ஏற்பாட்டு அறிஞரான அவர் 1996-இல் எழுதிய நூலில், எய்ட்ஸ் நோயில் இறந்த தன் நண்பரின் கதையோடு இந்த விஷயத்தைத் தொடங்கினார். அந்த நண்பர் தன்பாலின ஈர்ப்பு கொண்ட கிறிஸ்தவர். ஆனாலும் வேதம் இந்த உறவை ஏற்கவில்லை என்றே ஹேஸ் முடித்தார். மரபுத் தரப்பு கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவரை மேற்கோள் காட்டியது.

2024-இல், பழைய ஏற்பாட்டு அறிஞரான மகன் கிறிஸ்டபரோடு சேர்ந்து அவர் இன்னொரு நூல் எழுதி, தன்பாலினத்தவரைச் சபை முழுமையாக ஏற்க வேண்டும் என்றார். இத்தனை நாள் எல்லோரும் மல்லுக்கட்டிய அந்த ஆறேழு வசனங்களை அந்த நூல் புதிதாக வியாக்கியானம் செய்யவில்லை. வெளியே இருந்தவர்களைக் கடவுள் மீண்டும் மீண்டும் உள்ளே அழைத்த கதையாக பைபிள் முழுவதையும் வாசித்தது. தனி வசனங்களை ஒதுக்கிவிட்டுப் பொதுவான இரக்கத்தைப் பேசுவது வேதத்தைத் தட்டிக்கழிப்பதாகும் என்று பழைய நண்பர்கள் சிலர் கடிந்துகொண்டார்கள்.

2025 ஜனவரியில் ஹேஸ் இறந்தார். பவுல் என்ன எழுதினார் என்பது ஒரு கேள்வி, அதைக் கையில் வைத்துக்கொண்டு சபை இன்று என்ன செய்ய வேண்டும் என்பது வேறு கேள்வி. 1996-இல் இரண்டுக்கும் ஒரே பதில் சொன்னவர், 2024-இல் முதல் கேள்வியைத் தொடாமலே இரண்டாவதற்கு வேறு பதில் சொல்லிவிட்டுப் போனார். பைபிள் தெளிவாகச் சொல்கிறது என்று இரு தரப்பிலிருந்தும் குரல் எழும்போது, அந்தத் தெளிவு எந்தக் கேள்விக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.