கண்ணுக்குத் தெரியாத தூள்! கடலுக்கு ஆபத்தா?

ராமேசுவரம் அக்கினி தீர்த்தத்தில் விடிவதற்கு முன்பே கூட்டம் கூடிவிடும். கடலில் முங்கி எழுந்த பிறகுதான் கோவிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்கள். உடம்பில் பூசியது, துணியில் ஒட்டியது எல்லாம் கடலோடு போய்விடும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூளும் இருக்கலாம்!

அதுதான் நானோ தூள்.

எவ்வளவு சிறியது?

ஒரு மீட்டரை 100 கோடி பங்கு போட்டால், ஒரு பங்குதான் ஒரு நானோ மீட்டர். தலைமயிரின் கனமே சுமார் 80 ஆயிரம் நானோ மீட்டர்! இந்தத் தூளோ 100 நானோ மீட்டருக்குள் அடங்கிவிடும்.

வெல்லக்கட்டியைவிடப் பொடித்த வெல்லம் சீக்கிரம் கரைகிறது அல்லவா? பொடிக்கப் பொடிக்க மேற்பரப்பு பெருகும், வேகமும் கூடும். நானோ வெள்ளி அப்படித்தான் கிருமிகளைக் கொல்லுகிறது. அதனால் நாற்றம் வராத காலுறை வந்தது. வெயிலுக்குப் பூசும் களிம்பில் துத்தநாகத் தூள் சேர்க்கிறார்கள். பெரிய தூளானால் முகத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் தெரியும். நானோ தூளானால் தெரியாது.

நன்மையும் உண்டு. குடிநீரில் கலந்த பூச்சிமருந்தை இதைக்கொண்டு நீக்க வழி கண்டார்கள், சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள். ராமேசுவரத்தில் 1931-ல் பிறந்த அப்துல் கலாமும் இந்த நுட்பத்தின் பெருமையை ஊர் ஊராகப் பேசியவர்தான்.

சலவையில் போன வெள்ளி

2008-ல் அமெரிக்காவில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் வெள்ளி கலந்த காலுறைகளைத் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சில காலுறைகளில் இருந்த வெள்ளி, நாலே அலசலில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது! போன வெள்ளி சாக்கடைக்குப் போகும். நல்ல கிருமி, கெட்ட கிருமி என்று அதற்குப் பேதம் தெரியாது.

ராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். மீன் குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில். பவள உயிருக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுகிறது. பாசி வெளியேறினால் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். துத்தநாக நானோ தூள் பட்டதும் பவளம் வெளுத்ததைச் சோதனைத் தொட்டியில் விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். ஆனாலும் பெரிய எதிரி வெப்பம்தான். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்தது கடல் சூடேறியதால்.

வீட்டில்?

காயமில்லாத தோலில் பூசினால் இந்தத் துத்தநாகத் தூள் உடம்புக்குள் இறங்குவதில்லை. மூச்சில் போனால்தான் தொல்லை, நுரையீரலில் தங்கிவிடும். ஆகவே பீய்ச்சி அடிக்கும் புட்டியைவிடக் களிம்பு மேல். குழந்தைகள் முகத்துக்கு நேரே பீய்ச்சவே கூடாது.

ஐரோப்பிய நாடுகளில் அழகுப் பொருளில் இந்தத் தூள் இருந்தால், 2013 முதல் டப்பாவின் மேலேயே ‘நானோ’ என்று அச்சிட்டாக வேண்டும்.