பருப்பு வேகாத மலையிலே மோட்டார் சைக்கிள் சமையல்!

அடுப்பு எரிகிறது. பாத்திரத்தில் தண்ணீர் தளதள என்று கொதிக்கிறது. அதில் துவரம் பருப்பைப் போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கரண்டியால் எடுத்து நசுக்கினால் நசுங்கவில்லை. பருப்பு பருப்பாகவே இருக்கிறது!

பருப்பு பழசா? அடுப்பில் கோளாறா? இரண்டும் இல்லை. சமைக்கிற இடம் கடல் மட்டத்தில் இருந்து 14 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. கோளாறு அங்கேதான்.

இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் மணாலியில் இருந்து லடாக்கில் இருக்கும் லே நகருக்கு ஒரு மலைச் சாலை போகிறது. நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் சில மாதங்களே திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி மூடிவிடும். 2020-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதையைத் திறந்தார்கள். அதில் பயணம் கொஞ்சம் குறைந்தது. ஆனாலும் அதற்கு அப்பால் இருக்கிற கணவாய்கள் அப்படியேதான் இருக்கின்றன. தங்லங் லா என்ற கணவாய் ஏறத்தாழ 17,500 அடி உயரம். நம் ஊட்டி தொட்டபெட்டாவைப் போல் இரண்டு மடங்கு!

இந்தச் சாலையில் ஒரு முறையாவது மோட்டார் சைக்கிள் ஓட்டிவிட வேண்டும் என்பது நாடு முழுவதும் எத்தனையோ வாலிபர்களின் ஆசை. தமிழ்நாட்டில் இருந்தும் போகிறார்கள். அங்கே ஓடுகிற புல்லட் வண்டியும் நம் ஊர்ச் சரக்குதானே! 1955-ம் ஆண்டு சென்னையில் அதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள்.

வண்டியைப் பற்றி மாதக் கணக்கில் யோசிக்கிறவர்கள், வயிற்றைப் பற்றிக் கடைசி நாளில்தான் யோசிக்கிறார்கள்.

கடை இருக்கிறதே, சமையல் எதற்கு?

நியாயமான கேள்வி. கோடையில் சர்ச்சு, பாங் போன்ற இடங்களில் கூடாரம் அடித்துச் சாப்பாட்டுக் கடை போட்டிருப்பார்கள். சோறும் ராஜ்மா குழம்பும் கிடைக்கும். ஆம்லெட், நூடுல்ஸ், தேநீர் எல்லாம் உண்டு. கடை இருக்கும் இடத்தில் கடையில் சாப்பிடுவதே புத்திசாலித்தனம். அடுப்பைப் பற்றவைத்து வீரம் காட்ட வேண்டியது இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. இந்தச் சாலையைப் பல ஓடைகள் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடுகின்றன. காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடும் தண்ணீர், பகல் ஏற ஏறப் பெருகும். வெயிலில் பனி உருகுவதுதான் காரணம். மாலையில் வந்து சேர்கிறவர் வண்டியை இறக்க முடியாது. மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டியதுதான். மலை சரிந்து பாதை அடைபட்டால் இன்னும் மோசம். முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. கடை எங்கோ இருக்கும்.

அந்த நேரத்தில் பையில் ஒரு வேளைச் சாப்பாடு இருப்பதும் இல்லாததும் சாதாரண விஷயம் அல்ல. 8 ஆயிரம் அடிக்கு மேல் போனாலே சிலருக்கு மலைநோய் வரும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, பசியின்மை ஆகியவை அதன் அறிகுறிகள். பசி இல்லை என்று சாப்பிடாமலும், குளிருக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலும் இருந்தால் உடம்பு துவண்டுபோகும். துவண்ட உடம்போடு பள்ளத்தாக்கின் ஓரத்தில் வண்டி ஓட்ட முடியுமா?

கொதிக்கிறது, ஆனால் சூடு போதவில்லை!

இனி பருப்புக்கு வருவோம். காற்றுக்கும் எடை உண்டு. நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று கீழே இருக்கும் எல்லாவற்றையும் அழுத்துகிறது. பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரையும் அழுத்துகிறது. சென்னையில் அந்த அழுத்தத்தை மீறித் தண்ணீர் கொதிக்க 100 டிகிரி சூடு வேண்டும்.

மலை மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. லே நகரில் சுமார் 88 டிகிரியில் கொதிக்கும். 14 ஆயிரம் அடியில் இருக்கும் சர்ச்சுவில் சுமார் 86 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் தண்ணீரின் சூடு ஏறாது. அது ஆவியாகிப் போகுமே தவிர, பருப்புக்கு வேண்டிய சூடு வராது. அடுப்பைப் பெரிதாக எரிப்பவர் எண்ணெயைத்தான் வீணாக்குகிறார்.

அரிசி இந்தச் சூட்டிலும் வெந்துவிடும், நேரம்தான் கூடும். துவரை, கொண்டைக்கடலை, ராஜ்மா ஆகியவை திறந்த பாத்திரத்தில் சரிப்படாது.

இதற்கு வழி நம் வீட்டுச் சமையல் அறையிலேயே இருக்கிறது. குக்கர்! ஆவியை உள்ளே அடக்கி, மலை பறித்துக்கொண்ட அழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறது அது. சென்னையில் குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகும். சர்ச்சுவில் சுமார் 113 டிகிரி வரும். அது தாராளமாகப் போதும். வீட்டில் மூன்று விசில் என்றால் அங்கே ஐந்து, ஆறு விசில் விட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும். அதுவே பாத்திரம், அதுவே பெட்டி. அதற்குள்ளேயே கரண்டி, கத்தி, உப்பு டப்பா, மசாலாப் பொட்டலம் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம். ஆனால் ஒரு துண்டைச் சுற்றி அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் 400 கிலோமீட்டரும் கடகட என்று சத்தம் கேட்டுக்கொண்டே வரும். குக்கரின் குண்டையும் ரப்பர் வளையத்தையும் தனியாகப் பத்திரப்படுத்துவது அவசியம். குண்டு தொலைந்தால் குக்கர் வெறும் சட்டிதான்.

வீட்டிலேயே பாதிச் சமையல்

அனுபவசாலிகள் மலையில் சமைப்பதில்லை. வீட்டில் சமைத்து, மலையில் முடிக்கிறார்கள்.

வெண்பொங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் பாசிப் பருப்பு. வீட்டிலேயே இரண்டையும் வாசனை வரும்வரை வறுத்து ஆறவைக்க வேண்டும். மிளகு, சீரகம், உப்பு, துளி பெருங்காயம் சேர்த்து ஒரு பொட்டலமாகக் கட்டிவிட வேண்டும். ஒரு பொட்டலம் இரண்டு பேருக்கு ஒரு வேளை. மலையில் செய்ய வேண்டியது என்ன? பொட்டலத்தைப் பிரித்துக் குக்கரில் போட்டு ஐந்து டம்ளர் தண்ணீர் ஊற்றுவதுதான். இறக்கியதும் ஒரு கரண்டி நெய்.

இதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. வண்டியை நிறுத்துவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, வழியில் தேநீர் குடிக்கிற இடத்தில் பொட்டலத்தைத் தண்ணீரோடு இறுக்கமான டப்பாவில் ஊறப்போட்டுவிடலாம். வண்டி ஓடும்போதே அரிசியும் பருப்பும் ஊறும். எரிபொருள் மிச்சம்!

நெய்யில் இன்னொரு லாபம். அங்குள்ள குளிரில் அது உறைந்துவிடுவதால் பையில் வழியாது. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான், கல்லாகிவிடும். நல்லெண்ணெய்தான் எந்த மூடி போட்டாலும் எப்படியோ வெளியே வந்துவிடும்.

நெருப்பே வேண்டாத சாப்பாடும் ஒரு வேளைக்காவது பையில் இருக்க வேண்டும். அவல் பச்சைத் தண்ணீரிலேயே ஊறும். வெல்லமோ, புளிக்காய்ச்சலோ கலந்தால் போதும். சத்து மாவு, பொரிவிளங்காய் உருண்டை, வேர்க்கடலை மிட்டாய் இவையும் நல்லவை. பாட்டிமார்கள் கட்டுச்சோற்று மூட்டையில் வைத்த சாமான்கள்தான்!

வேடிக்கை என்னவென்றால், லடாக்கில் வாழும் மக்களும் இதே வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே விளையும் பார்லியை வறுத்து மாவாக அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். திபெத்தியர்கள் இதை 'சாம்பா' என்று சொல்கிறார்கள். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரில் அந்த மாவைப் பிசைந்தால் சாப்பாடு தயார். வேகவைக்கும் வேலையே இல்லை. தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் ஊரில், விறகும் கிடைக்காத ஊரில், வறுத்து அரைத்த மாவுக்கு நிகர் எது?

எந்த அடுப்பு?

1892-ம் ஆண்டு சுவீடன் நாட்டில் பம்பு ஸ்டவ் உருவாயிற்று. 'பிரைமஸ்' என்று அதற்குப் பெயர். துருவப் பகுதிக்கும் இமயத்துக்கும் போன குழுக்கள் அதைச் சுமந்து சென்றன. நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் உஸ் என்று எரிந்துகொண்டிருந்தது. இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும் பாடு.

இன்று பலரும் கொண்டுபோவது கைக்கு அடக்கமான கேஸ் டப்பா அடுப்பு. சுத்தமானது, சுலபமானது. ஆனால் குளிரில் ஏமாற்றும். டப்பாவில் இருப்பது வெறும் பியூட்டேன் என்றால், பனி உறையும் குளிரில் அது ஆவியாகாது. டப்பா நிறைய கேஸ் இருக்கும். அடுப்பு எரியாது! புரொப்பேன் கலந்த டப்பா வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். இரவில் டப்பாவை உடுப்புக்குள் சுற்றி வைப்பதும் உதவும்.

காற்றுக்கு மறைப்பு வைக்கும்போது டப்பாவையும் சேர்த்து மூடிவிடக் கூடாது. டப்பா சூடேறினால் வெடிக்கும். வண்டியையே மறைப்பாக நிறுத்தி, பெட்ரோல் டாங்கிக்குக் கீழே அடுப்பு மூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்னவென்று சொல்வது! அடுப்பு வண்டிக்குப் பல அடி தள்ளியே இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது கூடாரத்துக்குள் அடுப்பு எரிப்பது. வெளியே குளிர், உள்ளே சூடாக இருக்குமே என்று தோன்றும். மூடிய கூடாரத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கக்கும். அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. முதலில் தலை வலிக்கும், குமட்டும். மலைநோய்க்கும் அதே அறிகுறிகள்தான்! மலைநோய் என்று நினைத்துப் படுத்தவர் எழுந்திருக்கவே மாட்டார். எவ்வளவு குளிர் அடித்தாலும் அடுப்பு வெளியிலேதான். கரி அடுப்பும் அப்படியே.

ரயிலில் போகும்போது

இங்கிருந்து போகிறவர்கள் பலர் வண்டியை டெல்லி வரை ரயிலில் அனுப்புகிறார்கள். பெட்ரோலை முழுவதும் வடித்த பிறகே ரயில்வேயில் வண்டியை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கைப்பையில் கேஸ் டப்பாவை வைத்துக்கொண்டு ரயில் ஏறுவதைச் சிலர் குற்றமாகவே நினைப்பதில்லை. அது சட்டப்படி குற்றம். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி அதிகாலை மதுரை ரயில் நிலையம் அருகே நடந்தது நினைவிருக்கும். உத்தரப் பிரதேசத்தில் இருந்து வந்த சுற்றுலாப் பெட்டியில் சட்டவிரோதமாக வைத்திருந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்தது. 9 பேர் இறந்தார்கள். தேநீர் போட அடுப்பைப் பற்றவைத்ததே காரணம் என்று சொல்லப்பட்டது. கேஸ் டப்பாவை மணாலி போய்ச் சேர்ந்த பிறகு வாங்கிக்கொள்வதே சரி.

தண்ணீர்

ஓடைத் தண்ணீர் பளிங்கு போல இருக்கும். மேலே ஆடு மேய்ந்திருக்கும். கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். 86 டிகிரியில் கொதித்தால் கிருமி சாகுமா என்ற சந்தேகம் வேண்டாம், சாகும். நன்றாகக் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விட வேண்டும். இரவு கொதிக்கவைத்ததைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்தால், காலையில் கை விறைத்திருக்கும் நேரத்தில் அடுப்போடு போராட வேண்டியது இல்லை. அவலுக்கும் அதுவே, காபித் தூளுக்கும் அதுவே.

பாத்திரம் கழுவுவதும் ஒரு கலைதான். பொங்கல் காய்ந்தால் குக்கரில் சிமெண்டு போல ஒட்டிக்கொள்ளும். சாப்பிட்ட உடனே அரை டம்ளர் தண்ணீர் விட்டு ஒரு கொதி கொதிக்கவைத்துச் சுரண்டிவிட வேண்டும். சோப்பு நுரையை ஓடையில் விடக் கூடாது, கீழே இருக்கும் கிராமத்தார் குடிக்கிற தண்ணீர் அது. சிலர் அந்தக் கொதித்த கழுநீரில் துளி உப்பும் மிளகும் போட்டு ரசம் என்று சொல்லிக் குடித்துவிடுகிறார்கள். 14 ஆயிரம் அடி குளிரில் அதுவும் ருசியாகத்தான் இருக்கிறதாம்!