உங்களுக்குத் தெரியுமா? கார் ஏசி ஃபில்டரை அலசினால் அதன் திறன் குறைந்துவிடும்

காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர், தன் இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைவிடச் சிறிய தூசியையும் பிடித்துக்கொள்ளும். பல ஃபில்டர்களின் செயற்கை இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றப்பட்டிருப்பதே காரணம். தண்ணீரில் அலசினால் அந்த மின்னேற்றம் குறைந்துவிடும். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தாலும் நுண்தூசி அதில் முன்போலத் தங்காது.

• பல கார்களில் இந்த ஃபில்டர் முன் பயணி இருக்கைக்கு எதிரே உள்ள டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பெட்டியைக் காலிசெய்து இரு பக்கமும் உள்நோக்கி அழுத்தினால் கீழே இறங்கும். மூடியைக் கழற்றி, பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம். பெரும்பாலும் ஸ்பேனரே தேவைப்படாது.

• விளிம்பில் உள்ள அம்புக்குறி காற்று செல்லும் திசையைக் காட்டும். மாற்றிப் போடக் கூடாது.

• பொதுவாக 10,000 முதல் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவார்கள். நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம், பேண்டேஜ் துணி நெய்யும் சத்திரப்பட்டி போன்ற ஊர்களில் பஞ்சுத்துகளும் சாலைப் புழுதியும் சேருவதால் முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

• ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் மர நிழலில் நிறுத்தும் கார்களில், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் திறப்பில் சருகு சேரும். அதையும் அகற்ற வேண்டும்.

ஏசி காற்று குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஃபில்டரைத்தான்.