எந்தச் சின்னான்?

"உங்க பாட்டனுக்கு ஏரிக்கரையில நிலம் இருந்துச்சு" என்று ஆயா சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம்.

செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் தந்த அறிக்கையை அடுத்து, 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்பது இதுதான். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியும் பெருமளவு நிலம் கைமாறிவிட்டது.

இன்றைய பட்டாவில் பாட்டன் பெயரைத் தேடிப் பயனில்லை. 1980-களின் யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் பார்க்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்கலாம்.

கிடைத்தாலும் சிக்கல் உண்டு. "சின்னான்" என்று மட்டும் எழுதியிருக்கும். சேரியில் நாலு சின்னான் இருந்திருப்பார்கள். கணக்குப்பிள்ளைக்கு அது கவலையில்லை. எந்தச் சின்னான் என்பது ஆயாவுக்குத்தான் தெரியும். யார் மகன், கிணறு எந்த மூலையில், வரப்புக்கு அந்தப் பக்கம் யார் நிலம் என்று கேளுங்கள். பக்கத்து சர்வே எண்ணில் அதே ஆள் பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவை தகப்பன் பெயரை உறுதிசெய்யும்.

தாலுகா ஆபீசு அடுத்த வாரமும் திறந்திருக்கும். முதலில் ஆயா சொல்வதைச் செல்போனில் பதிவு செய்யுங்கள்.