கிரேக்க அவல நாடக இலக்கணமும் ஹார்டியின் நாவலொன்றும்

விடுதியில் ஓரிரவு, தாமஸ் ஹார்டி என்னும் ஆங்கில ஆசிரியர் இயற்றிய 'காஸ்டர்பிரிட்ஜ் மேயர்' என்ற நாவலைப் படித்து முடித்து எளியேன் வாளாவிருக்கக் கண்ட நண்பரொருவர், "மனைவியை விலைக்கு விற்ற குடியனுக்காகவோ நீர் இரங்குகின்றீர்?" என்று வினவினார். அன்று தக்க விடை கூற இயலவில்லை. பின்னர் அரிஸ்டாட்டிலின் கவிதை இலக்கண நூலைப் பயிலுங்கால், அவ்வினாவிற்குரிய விடை ஆண்டுக் கிடப்பதாகத் தோன்றிற்று. அதனையே ஈண்டு ஒருவாறு எழுதப் புகுந்தேன். நாடகத்திற்கு வகுத்த இலக்கணத்தால் நாவலை ஆராய்தல், முழக்கோல் கொண்டு பாலை அளப்பது போலாகாதோ எனச் சிலர் ஐயுறலாம். அரிஸ்டாட்டிலோ அவல நாடகத்திற்கு உயிராவது கதைக்கோப்பே என்றும், மேடைக் காட்சி அவ்வுறுப்புக்களுள் கலைத்திறம் குறைந்தது என்றும், நடிப்பாரின்றிப் படித்த வழியும் அவலத்தின் ஆற்றல் விளங்கும் என்றும் கூறிப் போந்தார். ஆதலின் அவ்வளவுகோல் நாவலுக்கும் ஏற்குமென்றே துணிகின்றேன்.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) கூறும் அவல நாடகம், சிறப்பும் நிறைவும் உடைய ஒரு வினையைப் புனைந்து காட்டுவது; இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி, அவற்றின் வாயிலாகவே அவ்வுணர்ச்சிகளைத் தூய்மை செய்வது. தொல்காப்பியர் எண்ணிய எண்வகை மெய்ப்பாட்டுள் அழுகையும் அச்சமும் உள. எனினும் அரிஸ்டாட்டில் கூறும் இரக்கம் அழுகையினின்றும் சிறிது வேறு. தகாத துன்பத்தை எய்தினான் பொருட்டு நம்முள் எழுவது இரக்கம். அவன் நம்மை ஒத்தவன் என்று உணருங்கால் எழுவது அச்சம். எனவே, குற்றமே இல்லாத சான்றோன் கெடுவதைக் கண்டால் நமக்கு அருவருப்பே மிகும். கொடியோன் கெடுவதைக் கண்டால் 'வேண்டும்' என்று மகிழ்வோம். இரண்டிடத்தும் அவலம் பிறவாது. இவ்விருவர்க்கும் இடைப்பட்டு, பெரும்புகழும் செல்வமும் உடையனாய், தீயொழுக்கத்தாலன்றி யாதோ ஒரு பிழையால் வீழ்பவனே அவலத் தலைவனாதற்கு உரியன்.

அப்பிழைக்கு அவர் இட்ட பெயர் 'ஹமார்ட்டியா' என்பது. வில்லாளன் குறி தப்புதலைக் கூறும் சொல்லினின்று பிறந்தது அது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில், நாம் 'பாவம்' என்று ஓதும் இடங்களிற் பெரும்பாலும் இச்சொல்லே நிற்கின்றது. கிறிஸ்தவர்களாகிய நாம் தடுமாறும் இடம் இதுவே. பாவம் என்ற பொருளை உள்ளத்திற் கொண்டே அரிஸ்டாட்டிலைப் படிக்கின், தலைவன் படும் துன்பமெல்லாம் அவன் செய்த பாவத்தின் சம்பளம் என்று கணக்குத் தீர்த்துவிடுவோம். சோபொகிளீஸ் காட்டிய ஈடிப்பஸ் தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் அறிந்து செய்தனவல்ல. அவன் மனம் தீமையை நாடவில்லை. அம்பு குறி தப்பிற்று. அவ்வளவே.

நிற்க. நாவலின் கதை இது. உலர்புல் கட்டும் கூலியாளாகிய ஹென்சார்ட் என்னும் இருபத்தோராண்டு இளைஞன், ஒரு சந்தையில் கோதுமைக் கஞ்சி விற்கும் கூடாரத்தில், ரம் கலந்த கஞ்சியைக் குடித்து மயங்கி, மனைவி சூசனையும் கைக்குழந்தையையும் நியூசன் என்னும் மாலுமிக்கு ஐந்து கினிக்கு விற்றுவிடுகின்றான். விடிந்ததும் நாணி, தான் பிறந்து வளர்ந்த ஆண்டுகள் எத்தனையோ அத்தனை ஆண்டு மது தொடுவதில்லை என்று தேவாலயத்தில் ஆணையிடுகின்றான். பதினெட்டாண்டு கழிகின்றது. மாலுமி கடலில் மாண்டானென்று நம்பிய சூசன், எலிசபெத் ஜேன் என்னும் மகளுடன் ஹென்சார்டைத் தேடி வருகின்றாள். அவனோ கோதுமை வணிகனாய், காஸ்டர்பிரிட்ஜ் நகரின் மேயராய் வீற்றிருக்கின்றான். அவன் அவளுக்கு அனுப்பிய முதற் கடிதத்துடன் ஐந்து கினியையும் சேர்த்து அனுப்புகின்றான். விற்ற விலைக்கே திரும்ப வாங்கினான் போலும்!

என் நண்பர் கூறிய குற்றம் அவ்விற்பனையே. ஆனால் ஹார்டி அதனை முதலதிகாரத்திலேயே முடித்து, மூன்றாம் அதிகாரத்தில் பதினெட்டாண்டு கடந்து, உண்மைக் கதையைத் தொடங்குகின்றார். ஈடிப்பஸ் செய்த கொலையும் மணமும் திரை எழுமுன்னரே நிகழ்ந்து முடிந்தவை என்பது நினைவிற்குரியது. விற்பனை கதைக்கு முன்நிகழ்ச்சி; ஹமார்ட்டியா எதுவெனின், அதன்பின்னும் அவனை விட்டு நீங்காத பதற்றமே என்பேன். எதனையும் ஒரு மூச்சிற் செய்து முடிப்பவன் அவன். பார்ப்ரே என்னும் ஸ்காட்லாந்து இளைஞனைக் கண்ட சின்னாளிலேயே, எவர்க்கும் உரையாத தன் பழைய மறைச்செய்தியை அவனுக்கு உரைக்கின்றான். பின்னர் ஊரார் அவனைப் புகழ்ந்தது பொறாமல், அதே விரைவில் வேலையினின்று நீக்குகின்றான். இப்பதற்றம் தீயொழுக்கமன்று, அவன் வள்ளன்மையும் இதே ஊற்றினின்றே பிறக்கின்றது. செல்வம் அழிந்து கடன்காரர் முன் நின்றபோது, கேளாதிருக்கவே தன் பொற்கடிகாரத்தையும் எடுத்து வைத்தவன் அவன். அவர்கள் அதனை வேண்டாவென மறுக்க, விற்று, அவருள் ஏழையாகிய ஒருவனுக்கு அப்பணத்தைக் கொடுத்தான். இத்தகையோன் கொடியோன் ஆகான். சான்றோன் என்றலும் ஒல்லாது.

இனி, அவல நாடகத்தின் கதைக்கோப்பிற் சிறந்த உறுப்புக்கள் இரண்டு: நிலைமாற்றமும் உண்மையறிதலும். ஒருவன் ஒன்றை நாடிச் செய்த வினை அதற்கு மறுதலையாய் முடிதல் நிலைமாற்றம். அறியாமை நீங்கி அறிவு தோன்றுதல் உண்மையறிதல். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வது தலையாயது என்றார் அரிஸ்டாட்டில். கொரிந்து நகரத் தூதன் ஈடிப்பஸின் அச்சத்தை நீக்கவே வந்து, அவன் பிறப்பை வெளிப்படுத்தி, அவ்வச்சத்தையே மெய்யாக்கியது எடுத்துக்காட்டு.

இதற்கு இணையாக ஹார்டி அமைத்த இடமொன்றை என் சிற்றறிவிற்கு எட்டியவரை வேறெந்த நாவலிலும் கண்டிலேன். சூசன் இறந்தபின், தனிமை பொறாத ஹென்சார்ட், "உன்னைப் பெற்றவன் நியூசன் அல்லன், யானே" என்று எலிசபெத்திடம் உரைக்கின்றான். அவள் அழுது, பின் அவன் பெயரைத் தன் பெயராக்கிக்கொள்ள இசைகின்றாள். தான் கூறியதற்குச் சான்று தேடி மாடிக்குச் சென்றவன் கையில், சூசன் விட்டுச் சென்ற கடிதம் அகப்படுகின்றது. மகளின் திருமண நாள்வரை திறவற்க என்று மேலே எழுதியிருந்தும், முத்திரை செவ்வனே ஒட்டாதிருந்தமையின் அவன் அதனைப் படித்துவிடுகின்றான். அவன் பெற்ற குழந்தை விற்பனை நிகழ்ந்த மூன்று திங்களில் இறந்துவிட்டதாம். இவள் நியூசனுக்குப் பிறந்த மகளாம்! சான்று தேடிப்போன கை மறுப்பைக் கொணர்ந்தது. மறுநாட் காலை அவளே அன்புடன் வந்து அவனைத் தந்தையென ஏற்கின்றாள். எந்நாள் அவளைப் பெற்றானோ அந்நாளிலேயே இழந்தான். இவ்விடத்தைப் படித்தபோதுதான் இரக்கமும் அச்சமும் வெவ்வேறல்ல என்று எளியேற்குப் புலப்பட்டது.

மற்றொரு காட்சி, முறைமன்றத்தில் நிகழ்வது. கஞ்சி விற்ற அக்கிழவி, தெருவில் ஒழுங்கீனம் செய்தாளென்று பிடிபட்டு, நடுவனாய் அமர்ந்த ஹென்சார்டின் முன் நிறுத்தப்படுகின்றாள். அவனை அடையாளம் கண்டு பழைய விற்பனையை மன்றறியக் கூறுகின்றாள். உடனிருந்த நடுவர் அதனைப் பொய்யென்று தள்ள முயல, ஹென்சார்டோ மெய்யென்று ஒப்புக்கொண்டு இருக்கையை விட்டெழுகின்றான். கொலைஞனைத் தேடப் புகுந்த அரசன் தானே கொலைஞனென்று கண்டதும், 'யானோ அரசன்' என்ற பொருள்படப் பாண்டியன் வீழ்ந்ததும் உடன் நினைவிற்கு வாராமல் இரா. ஒரு சொல்லால் மறுத்துத் தப்பியிருக்கலாம். தப்ப நினையாமையே அவன் பெருமை.

நிமித்தம் கூறுவானும் இக்கதையில் உளன். வானிலை அறிவான் ஒருவனை இரவில் மறைந்து சென்று கேட்க, அறுவடைக் காலம் மழையாற் கெடுமென்று அவன் கூறுகின்றான். அதனை நம்பிக் கோதுமையை மிகுதியாக வாங்கிக் குவித்த ஹென்சார்ட், வெயில் எறிக்கக் கண்டதும் அஞ்சிக் குறைந்த விலைக்கு விற்றுவிட, அறுவடை தொடங்கியபின் மழை வந்தேவிடுகின்றது! நிமித்தம் பொய்க்கவில்லை, அவன் காத்திருக்கவில்லை. ஈடிப்பஸை ஊழ் துரத்திற்று. இவனையோ இவன் பதற்றமே துரத்திற்று.

ஆயினும் இந்நாவல் அரிஸ்டாட்டிலின் தேர்வில் முற்றும் தேறியதன்று. தொடர்பின்றி நிகழ்ச்சிகளை அடுக்கும் கதைக்கோப்பு கடையாயது என்பது அவர் துணிபு. இந்நாவல் 1886-ஆம் ஆண்டில் 'கிராபிக்' என்னும் வாரப் பத்திரிகையில் வெளிவந்தது. வாரந்தோறும் ஒரு நிகழ்ச்சி வேண்டியமையாற் கதையின் கட்டுக்கோப்புக் கெட்டதென்று ஹார்டியே பிற்காலத்தில் வருந்தினார். காளை துரத்துவதும், எதிர்பாராச் சந்திப்புக்கள் பெருகுவதும் இவ்வகையின. விடுதிச்சாலையில் வம்பளக்கும் ஊரார் கிரேக்கக் குழுப்பாடகரை ஒப்பர் என்பாருளர். சூசனின் கண்களை மூடவைத்த செப்புக்காசுகளைத் தோண்டியெடுத்துக் குடிக்குச் செலவிட்ட இவரிடம் அப்பாடகர்க்குரிய மாட்சி காண்டல் அரிது. எனினும் நகைச்சுவை உண்டு.

நண்பர் வினாவிற்கு வருவோம். ஹென்சார்ட் தன் குற்றத்தை மறைத்தானல்லன். ஊரை விட்டுச் செல்லுங்கால் தன்னைக் காயீனோடு ஒப்பிட்டுக்கொண்டே செல்கின்றான். எனவே அவன் பாவியல்லன் என்று யான் வாதாட வேண்டுவதில்லை. பாவத்திற்குரிய தண்டனையும் அவன் பட்ட துன்பமும் ஒரே அளவினவா என்பதே கேள்வி. அளவு ஒத்திருப்பின், வழக்குத் தீர்ப்பைக் கேட்டெழுவார் போல நூலை மூடியிருப்போம். அங்ஙனம் மூட இயலவில்லை. எலிசபெத்தின் திருமணத்திற்குக் கூண்டிற் பறவையொன்றைப் பரிசாகக் கொண்டுவந்து, அவளாற் கடியப்பெற்று, மறுமொழி கூறாது நீங்கிய அவன், ஒரு பொட்டற் காட்டுக் குடிசையில் இறக்கின்றான். இறுதிவரை உடனிருந்தவன், முன்பு அவனாற் கடுமையாக நடத்தப்பட்ட விட்டில் என்னும் பேதைத் தொழிலாளி. தன் தாய்க்கு அவன் செய்த உதவியை மறவாதவன். தன் இறப்பை எலிசபெத்திற்கு அறிவியாதிருக்கவும், எவரும் தன்னை நினையாதிருக்கவும் வேண்டி எழுதிய தாளொன்றே அவன் விட்டுச் சென்ற செல்வம். அவன் எழுதியதையெல்லாம் மனமாரவே எழுதியிருப்பான் என்று அறிந்த எலிசபெத், இயன்றவரை அதன்படியே செய்தாள்.