கன்னம் உப்பினால் செழிப்பா?

நம் மண்டிகளில் மூட்டை தூக்கும் தொழிலாளிகள் சிலருக்குக் கைகால் மெலிந்திருக்க, முகம் மட்டும் காதோரம் இருபக்கமும் உப்பித் தெரிவதைப் பார்க்கிறோம். “ஆள் சதை போட்டுவிட்டார்” என்று சொல்லிவிட்டுச் சிட்டையைப் புரட்டுகிறோம். அது சதையாக இல்லாமல், பல ஆண்டுக் குடியால் வந்த உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கமாகவும் இருக்கலாம். குடி ஈரலைக் கெடுக்கும் என்பது ஊரறிந்த செய்தி. எச்சில் சுரப்பியையும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. அவற்றுள் பெரியது, காதுக்கு முன்னும் கீழுமாக உள்ள பரோட்டிட் சுரப்பி. நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை நமக்கு உமிழ்நீர் சுரக்கிறது. சோற்றை நன்கு மென்றால் இனிக்கிறதல்லவா? உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற பொருள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதே காரணம். பல்லைக் காப்பதும், வாயில் கிருமிகளை அடக்குவதும் உமிழ்நீரின் வேலைதான்.

நெடுநாள் குடிப்பவருக்கு இச்சுரப்பியை இயக்கும் நரம்புகள் பழுதாகின்றன என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். சுரக்க வேண்டியது உள்ளேயே தேங்கிச் செல்கள் பருக்கின்றன. நாளடைவில் கொழுப்பும் படிகிறது. சரக்கு வந்து இறங்கியபடி இருக்க, பட்டுவாடா நின்றுபோன கிடங்கு போன்றது இது. சரியாகச் சாப்பிடாததும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு சியலடினோசிஸ் என்று பெயர்.

பொன்னுக்குவீங்கி போல இதில் காய்ச்சலோ வலியோ இராது. அதனாலேயே யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உமிழ்நீர் குறைந்தால் வாய் உலரும், பல் சொத்தையாகும், ஈறு கெடும். வாய்ப்புற்று அபாயம் தனி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. குடியோடு புகையிலையும் சேர்ந்தால் அபாயம் கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறும்.

ஒன்றை மறக்கக் கூடாது. சர்க்கரை நோயாலும் சத்துக்குறைவாலும் இதே வீக்கம் வரும். கன்னத்தைப் பார்த்து ஒருவரைக் குடிகாரர் என்று முத்திரை குத்தலாகாது. ஒருபக்கம் மட்டும் வீங்கினாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ, வலித்தாலோ, வாய் கோணினாலோ வேறு நோயாக இருக்கலாம். தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குடியை நிறுத்தி நல்ல உணவு உண்டால் வீக்கம் குறைய வாய்ப்புண்டு. நாட்பட்டது முழுவதும் வடியாமலும் போகலாம். பல ஆண்டு குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

2003 நவம்பர் முதல் சில்லறை மதுக்கடைகளை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. கடை இருப்பதும் மூடுவதும் நம் கையில் இல்லை. ஆனால் லாரி லோடு இறக்கியதும் “செலவுக்கு வைத்துக்கொள்” என்று குடிப்பதற்கே காசு நீட்டும் வழக்கம் சில இடங்களில் உள்ளது. அதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. அந்தக் காசை வயிறாரச் சாப்பாடாகக் கொடுப்போம். அல்லது கூலியோடு சேர்த்து வீட்டுக்குப் போகும்படி செய்வோம். அறுவடைக் காலத்தில் நம் வியாபாரத்தையே தோளில் சுமப்பவர்கள் அவர்கள். அவர்கள் உடல் நலம் நம் கணக்கிலும் ஒரு வரவுதான்.